குமிழ் இல்லாத மணிக்கூடு

அத்தியாயம் 14

பிரியதர்சினி மாவிலித்துறைக்கு வந்து சைக்கிளை நிறுத்தியபோது அவளுடைய கைமணிக்கூட்டில் ஆறே முக்கால். கடல் கடக்கும் ஏழு மணி லோஞ்சுக்கு இன்னும் கால் மணித்தியாலம் கிடந்தது. சேலைத் தலைப்பை உதறிச் சரிசெய்து, சான்றிதழ்கள் இருந்த பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

துறையில் லோஞ்ச் இல்லை.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. நெடுந்தீவு லோஞ்ச் பிந்துவது என்ன புதினமா? ஆனால் காத்து நிற்கும் சனத்தையும் காணவில்லை. அப்போதுதான் கடலைப் பார்த்தாள். குறிகட்டுவான் பக்கமாக, ஆட்களை நிறைத்துக்கொண்டு, அது நல்ல தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

"ஆழ்வாப்பிள்ளையண்ணை! இதென்ன அநியாயம்? நேரத்தோடை விட்டிட்டியளே!"

துறையில் கயிறு பிடிக்கும் ஆழ்வாப்பிள்ளை அவளை மேலும் கீழும் பார்த்தார். "நேரத்தோடையோ? ஏழு அஞ்சுக்குத்தான் ரீச்சர் வெளிக்கிட்டது. உங்களைக் காணேல்லையெண்டு சறோஜினி ரீச்சர் நிண்டு சண்டை பிடிச்சு அஞ்சு நிமிசம் மறிச்சு வைச்சவ. அதுக்கு மேலை நேவிக்காரன் விடேல்லை."

"என்ன கதைக்கிறியள்? இப்பவே ஆறே முக்கால்தானே!"

கையை நீட்டிக் காட்டினாள். ஆழ்வாப்பிள்ளை அந்த மணிக்கூட்டை எட்டிப் பார்த்தார். பிறகு பழக்கத்தில் தன் கையைப் பார்த்தார், அங்கே ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்ற நாலைந்து பேரின் கைகளும் வெறுங்கைகள்தான். அப்படி ஒரு காலம் வந்துவிட்டது. இரண்டு பேர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்கள்.

"ஏழு பதினாறு," என்றான் ஒருவன்.

"என்ரையிலை பதினேழு," என்றான் மற்றவன். "இந்தக் காலத்திலை ஆர் ரீச்சர் கையிலை மணிக்கூடு கட்டுறது? போனிலை நேரம் கிடக்கேக்கை கைக்கு என்னத்துக்கு ஒரு சுமை?"

"பொத்தடா வாயை," என்று ஆழ்வாப்பிள்ளை அவனை அடக்கினார். "சனிக்கிழமை அரை மணித்தியாலம் பின்னுக்கு விடச் சொன்னவங்கள் ரீச்சர். நீங்கள் மறந்துபோய் ரண்டாந்தரமும் விட்டிட்டியளாக்கும்."

சனிக்கிழமைக்குப் பிறகு அந்த மணிக்கூட்டை அவள் மாற்றவேயில்லை.

இந்த லோஞ்ச் அவளுக்கு என்ன என்பது, இதுவரை அவளோடு கூட வந்த உங்களுக்குத் தெரியும். ஆறு வருடமாகத் தொண்டராசிரியை. எல்லா ரீச்சர்மாரையும் போலப் படிப்பித்தாலும் மற்றவர்கள் கையெழுத்து வைக்கும் புத்தகத்தில் அவள் வைக்க முடியாது. அவளுக்கென்று ஒரு தனிக் கொப்பி. அந்தக் கொப்பியை மூடி வைப்பதற்குத்தான் பங்குனிக் கடைசியில் கடிதம் வந்தது. நிரந்தர நியமனத்துக்கு நேர்முகப் பரீட்சை, ஏப்ரல் பத்தொன்பது, புதன்கிழமை காலை பத்து மணி, யாழ்ப்பாணம். வராதவர்களின் பெயர் நீக்கப்படும் என்று கடைசி வரியைத் தடித்த எழுத்தில் அடித்திருந்தார்கள்.

தீவிலிருந்து காலையில் ஒரேயொரு லோஞ்ச். அதில் போய்க் குறிகட்டுவானில் இறங்கி, மடத்துவெளி, வேலணை என்று பஸ்ஸில் குலுங்கிப் போனால் ஒன்பதரைக்கு யாழ்ப்பாணம். அதை விட்டால் அன்றைய நாளே இல்லை.

கரையில் வள்ளத்தில் வலை ஏற்றிக்கொண்டிருந்த பிலிப்புச் சம்மாட்டியிடம் ஓடினாள்.

"பிலிப்பண்ணை, உங்கடை வள்ளத்திலை என்னைக் குறிகட்டுவானிலை இறக்கிவிட மாட்டியளே? காலிலை விழுறன்."

"ஐயோ பிள்ளை, அந்தக் கதை கதையாதை. மீன் தொழிலுக்கு மட்டும்தான் பாஸ். ஆள் ஏத்திக்கொண்டு அந்தப் பக்கம் போனனெண்டால் ரண்டு பேரையும் நேவிக்காரன் பிடிச்சு வைப்பான். இப்ப இருக்கிற நிலைமை உனக்குத் தெரியாதே?"

தெரியும். தெரியாமல் என்ன! அவள் சைக்கிளைத் திருப்பினாள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்துக்கு ஒரு பெயரும் இருந்தது. ஜெயந்தா.

ஜெயந்தா அவளுடைய பெரிய தமையன் நிருபனின் மனைவி. போன வருடம் நிருபன் கட்டாருக்குப் போன பிறகு இரண்டு பிள்ளைகளோடும் இங்கே வந்து இருக்கிறாள். திங்கட்கிழமை குசினிக்குள் வைத்து அவள் சொன்னது பிரியதர்சினியின் காதுக்குள் இன்னும் நின்றது. "நீ நியமனம் எடுத்துக்கொண்டு எங்கையோ ஒரு ஊருக்குப் போடுவாய். நான் இந்த ரண்டையும், கால் ஏலாத மாமாவையும் வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது?"

மணிக்கூடு இரவு மாதா படத் தட்டில்தான் கிடந்தது. யாரும் எடுக்கலாம்.

அவள் சைக்கிள் மிதித்த வேகத்துக்குக் கல்வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த குதிரைகள் இரண்டு விலகி நின்று பார்த்தன. காலையில் வெய்யில் சற்று உயர்ந்துதான் இருந்தது. அவளும் கவனித்தாள். ஆனால் நேரத்தைப் பின்னுக்கு விட்ட கிழமை அல்லவா? ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே வெய்யில் எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருந்தது. மணிக்கூட்டுக்கு முந்தி விடிந்துவிடுகிறது என்று ஊரெல்லாம் ஒரே கதை. உயிர்த்த ஞாயிறு முடிந்து பங்குச் சுவாமியார் யாழ்ப்பாணம் போய்விட்டதால் கோயில் மணியும் அடிக்கவில்லை. ஆறு மணிச் செய்திக்கு அப்பா போடும் றேடியோவும் இன்றைக்குப் பாடவில்லை. பற்றறி இறங்கிவிட்டதாம்.

அப்பாவைப் பற்றி இந்த இடத்தில் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பஸ்ரியாம்பிள்ளையை ஊர் "மணிக்கூட்டுப் பஸ்ரியார்" என்றுதான் சொல்லும். தொண்ணூற்றாறில் அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னுக்குத் தள்ளியபோது, "நேரத்தை அவங்கள் மாத்தட்டும், என்ரை மணிக்கூட்டை மாத்த ஏலாது," என்று நின்ற மனிசன். பத்து வருடம் ஊர் இரண்டு நேரத்தோடு குடித்தனம் நடத்தியது. லோஞ்சுக்கும் கந்தோருக்கும் புதிய நேரம். ராகுகாலத்துக்கும் முகூர்த்தத்துக்கும் பழைய நேரம். பழைய நேரம் வேண்டியவர்கள் வேதக்காரரான பஸ்ரியாரிடம்தான் வருவார்கள். பக்கத்து வீட்டு அன்னப்பிள்ளை பின்னேரம் விளக்கு வைக்க முன்னம் கல்வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "பஸ்ரியண்ணை, நேரம் என்ன?" என்று கேட்பாள். ஒருநாள் தவறாமல் கேட்டாள். அவரும் ஒருநாள் தவறாமல் சொன்னார்.

போன சனிக்கிழமை அரசாங்கம் பழைய நேரத்துக்கே திரும்பி வந்தது. அன்றைக்கு அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! பாஸ்காப் பூசைக்கு வெளிக்கிட்ட மகளைக் கூப்பிட்டு, அவளுடைய மணிக்கூட்டை வாங்கித் தன் கையாலேயே அரை மணித்தியாலம் பின்னுக்கு விட்டுக் கொடுத்தார்.

"பாத்தியே பிள்ளை, நாடு சுத்திச் சுத்தி என்ரை மணிக்கூட்டுக்கு வந்து நிக்குது!"

வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். பிரியதர்சினிதான் எல்லாரிலும் கூடச் சிரித்தாள்.

படலையைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே வந்தபோது அப்பா முற்றத்துக் கதிரையில் இருந்தார். ஜெயந்தா சின்னவனுக்குப் பாண் தீத்திக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். ஏன் திரும்பி வந்தாய் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

"லோஞ்ச் போட்டுது," என்றாள் பிரியதர்சினி. "அரை மணித்தியாலம் பிந்திப் போயிருக்கிறன். மணிக்கூட்டை ஆரோ பின்னுக்கு விட்டிருக்கினம்."

ஜெயந்தா சின்னவனின் வாயைத் துடைத்தாள்.

"அண்ணி, உங்களைத்தான் கேக்கிறன். என்ரை மணிக்கூட்டிலை கை வைச்சனீங்களோ?"

ஜெயந்தாவின் கண் ஒருதரம் அப்பாவிடம் போய் வந்தது. அப்பா தொண்டையைச் செருமினார்.

"தெரியாமல் மாத்தியிருப்பாள் பிள்ளை. புது நேரம் பழைய நேரமெண்டு எல்லாருக்கும் குழப்பம்தானே. விடு."

"விடுறதோ? ஆறு வருசம் அப்பா! அண்ணி, வாயைத் திறந்து சொல்லுங்கோ!"

"ஓம்," என்றாள் ஜெயந்தா மெல்ல. "நான்தான். நீ மாத்த மறந்திட்டாயாக்குமெண்டு நினைச்சு... நல்லதுக்குத்தான் பிரியா செய்தனான்."

"எப்பிடி மாத்தினீங்கள்?"

"எப்பிடியெண்டால்? எல்லாரும் மாத்திற மாதிரித்தான்." ஜெயந்தா பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் காற்றில் ஒரு குமிழை இழுத்துத் திருகிக் காட்டினாள். "இப்பிடி."

பிரியதர்சினி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த மணிக்கூட்டில் திருகுவதற்குக் குமிழ் இல்லை. போன கார்த்திகையில் தண்ணீர் அள்ளும்போது கிணற்றுக் கட்டோடு அடிபட்டு, அது கழன்று உள்ளே விழுந்துவிட்டது. உள்ளேயிருந்து ஊசி முனையளவு கம்பி மட்டும்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது. சின்னக் குறட்டால் அதைப் பிடித்து இழுத்து, மூச்சையும் அடக்கித் திருப்பினால்தான் முள்ளு அசையும். அவள் இரண்டு தரம் முயன்று கை நடுங்கி விட்டுவிட்டாள். குமிழ் இல்லாதது வேறு ஒருவருக்கும் தெரியாது. பிறத்தியாரின் கைமணிக்கூட்டை இப்போது யார் அவ்வளவு கிட்டப் பார்க்கிறார்கள்?

ஒரு ஆளுக்குத் தெரியும். வலை பொத்துகிற தகரப் பெட்டிக்குள் துணி சுற்றி வைத்த குறடு அந்த ஒரு ஆளிடம்தான் இருக்கிறது.

அவள் திரும்பினாள். விடியப்புறம் நடந்தது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அப்பாதான் எழுப்பினார். "நேரம் என்னப்பா?" என்று கேட்டாள். "உன்ரை மணிக்கூடு என்ன சொல்லுது?" என்று கேட்டார். அஞ்சு என்றாள். "அப்ப அஞ்சுதான்," என்றார். நேரம் கேட்டால் இமைப்பொழுதில் கையைத் தூக்கிப் பார்க்கிற மனிசன், இடக்கையில் துவாயைச் சுற்றிக்கொண்டு நின்றார். ஜெயந்தாதான் வந்து வந்து, "இப்பவே வெளிக்கிடன் பிரியா, போய்த் துறையிலை இரன்," என்று அரியண்டப்படுத்தினாள். அதற்கும் அவள் எரிந்து விழுந்தாள்.

"அப்பா," என்றாள். "நீங்களோ?"

பஸ்ரியாம்பிள்ளை முற்றத்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடியப்புறம் மாமா மணிக்கூட்டை எடுத்துக்கொண்டு போய் அங்காலை திரும்பி இருந்ததைக் கண்டனான்," என்றாள் ஜெயந்தா. அவளுக்கு இப்போது அழுகை வந்துவிட்டது. "சொல்லாதையெண்டு கையைப் பிடிச்சுக் கேட்டவர். நான் என்ன செய்ய?"

"ஓம், நான்தான்!" என்று அப்பா திடீரென்று சத்தம் போட்டார். "நான்தான் மாத்தினனான். யாழ்ப்பாணத்திலை நாளுக்கொரு கிளைமோர்க் குண்டு வெடிக்குது. றோட்டாலை போற பஸ்ஸோ ஜீப்போ எண்டு அது பாக்குமோ? பிள்ளை பரீட்சைக்குப் போச்சுது, சவத்தை லோஞ்சிலை கொண்டு வந்திச்சினம் எண்டு நான் கேக்க வேணுமோ? போகாதையெண்டு சொன்னால் நீ கேப்பியோ?"

"சொல்லிப் பாத்திருக்கலாமே அப்பா."

"கேட்டிருக்க மாட்டாய்."

அது உண்மைதான். கேட்டிருக்க மாட்டாள். அவள் அறைக்குள் போய்ச் சேலையை அவிழ்த்து மடித்தாள். மடிக்கும்போதுதான் அழுதாள். நன்றாக, சத்தமாக, ஆறு வருடத்துக்கும் சேர்த்து அழுதாள்.

ஆனால் பாருங்கள், பெற்ற அப்பன் மேல் வருகிற கோபத்துக்கு ஆயுள் எவ்வளவு? மத்தியானத்துக்குள் அது அரைவாசியாகிவிட்டது. பயத்தில் செய்திருக்கிறார். ஊரில் எத்தனை பேர் பிள்ளைகளை வெளியே விடாமல் வைத்திருக்கிறார்கள்! கடலுக்குப் போய் வந்த தம்பி றஜீபன் விசயத்தைக் கேட்டுத் துள்ளினான். "அப்பாவுக்கு விசரே? இவ்வளவு காலமும் மற்றவைக்கு நேரம் சொல்லிப்போட்டு, சொந்தப் பிள்ளைக்கு இப்பிடியோ?" என்று கத்தினான்.

அவனை அடக்கியதே பிரியதர்சினிதான். "சரி விடு. வயசு போன மனிசன்." அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொடுத்தாள். ஒட்டி மீன் குழம்பில் முள்ளு எடுத்தும் வைத்தாள். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

"எணேய், ஒருக்கா என்ரை போனை வாங்கிக்கொண்டு போயிருந்தால் இந்த வில்லங்கமே இல்லையக்கா," என்றான் றஜீபன். "கட்டாரிலையிருந்து அண்ணை அனுப்பினது. வீட்டுக்குள்ளை சிக்னல் எடுக்காது, ஆனால் நேரம் காட்டும்."

"எனக்கு மணிக்கூடு காணும்," என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பின்னேர லோஞ்சில் சறோஜினிதேவி வந்தாள். துறையடியில் வீடு, ஆனாலும் தன் வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்தாள். அவளும் அதே பள்ளிக்கூடத்துத் தொண்டராசிரியைதான்; காலையில் லோஞ்சை மறித்து வைத்துப் பார்த்துவிட்டு, அந்தப் பரீட்சைக்குப் போய் வருகிறாள். வேலிக்கு வெளியே நின்றே கூப்பிட்டாள்.

"பிரியதர்சினி, இஞ்சை வாரும். ஓடி வாரும். நல்ல செய்தி!"

பிரியதர்சினி படலைக்கு ஓடினாள்.

"வராத ஆக்களுக்கு நாளைக்கும் வைக்கினமாம். தீவுப்பகுதி ஆக்களெண்டபடியால் நான் கெஞ்சிக் கேட்டனான். பத்து மணிக்கு. அதோடை சரி, பிறகு பைலை மூடுகினம்."

பிரியதர்சினி அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "சறோஜினியக்கா! நீங்கள் நல்லாயிருப்பியள்."

"நாளைக்கு லோஞ்ச் ஓடுமோ எண்டுதான் நேவி இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. அதைப் பாப்பம். ஆனால் வேறை ஒண்டு கேக்க வேணும்." சறோஜினிதேவி குரலைத் தாழ்த்தினாள். "நீர் ஏன் எனக்கு இதைச் சொல்லேல்லை? இரண்டாயிரத்து நாலு வைகாசியிலையும் உம்மைக் கூப்பிட்டவையாம். நீர் போகேல்லையாம். உம்மடை பேருக்கு நேரே சிவப்பு மையாலை எழுதிக் கிடக்கு. 'இதே ஆள் முந்தியும் வரேல்லை, விருப்பமில்லையோ?' எண்டு என்னைக் கேக்கினம். நான் முழிச்சுக்கொண்டு நிண்டனான்."

"நாலிலையோ? எனக்குக் கடிதமே வரேல்லையே!"

"பதிவுத் தபாலாம். வீட்டிலை கையெழுத்து வைச்சு வாங்கியிருக்கினமாம்."

பிரியதர்சினி அவளுடைய கைகளை விட்டாள்.

இரண்டாயிரத்து நாலு. அம்மா மேரிஜோசப்பின் செத்து எட்டு மாதம். கூடப் படிப்பித்த நாலு பேருக்கு நியமனம் வந்தது. அவளுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அப்பாதான் பக்கத்தில் இருந்து, உருட்டி உருட்டி வாயில் வைத்தார். "அந்தக் கந்தோர்க்காரருக்குக் கண்ணில்லை பிள்ளை. நாசமாப் போவாங்கள்," என்று திட்டினார். என்னை ஏன் விட்டீர்கள் என்று கேட்டு அவள் முறைப்பாட்டுக் கடிதம் எழுதியபோது உறை வாங்கி வந்து கொடுத்ததும் அவர்தான். அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அதை அவர் தபாலில் போட்டாரா என்பதே இப்போது அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

அவள் நடந்து போய் அப்பாவின் கதிரைக்கு முன்னால் நின்றாள்.

"அப்பா, இரண்டாயிரத்து நாலு வைகாசியிலை றோட்டிலை என்ன வெடிச்சது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லுங்கோ. சமாதான காலம். பள்ளிக்கூடப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு சாட்டிக்குக் கடல் குளிக்கப் போனனாங்கள். நீங்களும் வந்தனீங்கள். அதே றோட்டாலைதான் போனனாங்கள். என்ன வெடிச்சது?"

"ஆர் சொன்னது உனக்கு?"

"கடிதம் எங்கையப்பா?"

அவர் விறாந்தைப் பக்கம் கையைக் காட்டினார். "தகரப் பெட்டிக்குள்ளை."

மேலே துணி சுற்றிய குறடு. அதற்குக் கீழே நைலோன் நூல் கட்டை. அதற்கும் கீழே, நாலாக மடித்து, அவளுடைய முழுப்பெயரும் எழுதிய நீட்டு உறை. ஓரம் ஒழுங்காகக் கிழிக்கப்பட்டிருந்தது. சனிக்கிழமை அந்தக் குறட்டை எடுத்தபோதும், இன்று விடியப்புறம் எடுத்தபோதும், அவருடைய விரல் இதில் பட்டிருக்கும்.

உறைக்குப் பின்னால் இன்னொன்று கிடந்தது. அவளுடைய கையெழுத்து. முத்திரை ஒட்டிய, போடாத முறைப்பாட்டுக் கடிதம்.

"ஏனப்பா?"

"கொம்மா போய்ச் சேர்ந்திட்டாள். நிருபன் பெண் எடுத்த வீட்டோடை போட்டான். தம்பி எந்நேரமும் கடல்." அவர் அழவில்லை, மெல்ல மெல்லத்தான் சொன்னார். "நீயும் போனால் நான் ஆரோடை பிள்ளை கதைக்கிறது? நேரம் என்னெண்டு என்னை ஆர் கேக்கிறது? ஒரு வருசம் பொறுக்கட்டுமெண்டு நினைச்சனான். பிறகு சொல்ல வாய் வரேல்லை."

"நான் அழேக்கை சோறு தீத்தினீங்களே அப்பா."

அவர் துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"கிளைமோரெண்டு காலமை சொன்னீங்கள். நான் நம்பினன். நம்பி, மத்தியானம் உங்களுக்கு மீன் முள்ளும் எடுத்து வைச்சன்." அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. "வேறை ஆரும் செய்திருந்தால் நான் தாங்கியிருப்பன்."

அறைக்குள் போனாள். மடித்து வைத்த சேலையையும் சான்றிதழ்களையும் பைக்குள் வைத்தாள். இரண்டு கடிதத்தையும் அதற்குள் வைத்தாள். நாளைக்குச் சிவப்பு மைக்குக் காட்ட வேறு என்ன இருக்கிறது? மணிக்கூட்டைக் கழற்றி மாதா படத் தட்டில் வைத்தாள். வெய்யிலே படாத ஒரு வெள்ளை வளையம் கையில் கிடந்தது.

"எங்கை பிள்ளை?" என்று அப்பா எழும்பினார். கால் இழுபட்டது.

"சறோஜினியக்கா வீட்டை. அங்கையிருந்து துறை கிட்ட. விடியக் காலமையே போய் நிப்பன்."

"நாளைக்கு நான் நேரத்துக்கு எழுப்பி விடுறன் பிள்ளை. அந்தோனியாராணை எழுப்பி விடுறன்."

"வேண்டாமப்பா."

அவர் தன் இடக்கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றினார். அவள் பிறக்க முதல் வாங்கியது. குளிக்கும்போதும் தலைமாட்டில் வைக்கும்போதும் தவிர அது அந்தக் கையை விட்டு இறங்கி அவள் கண்டதில்லை. அதை அவளிடம் நீட்டினார். "அப்ப இதைக் கட்டிக்கொண்டு போ. இது ஒருநாளும் பொய் சொல்லாது."

"மணிக்கூடு எப்பவப்பா பொய் சொன்னது?" என்றாள் பிரியதர்சினி.

நீட்டிய கை அப்படியே நின்றது. றஜீபன் வந்து தன் போனை அக்காவின் கைக்குள் வைத்தான். ஜெயந்தா குசினி வாசலில் நின்று, "பாத்துப் போ பிரியா," என்றாள். பிரியதர்சினி அவளுக்குத் தலையை மட்டும் ஆட்டினாள். காலையில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்; இப்போது அதற்கு நெஞ்சில் தெம்பில்லை.

வெளியே சறோஜினிதேவி காத்து நின்றாள். பிரியதர்சினி படலையைச் சாத்தும்போது, வழக்கம்போல, பக்கத்து வளவுக் கல்வேலிக்கு மேலால் அன்னப்பிள்ளையின் தலை நீண்டது. ஒரு கையில் எண்ணெய்ப் போத்தல்.

"பஸ்ரியண்ணை, நேரம் என்ன?"

பிரியதர்சினி தன்னையறியாமல் நின்றாள். பத்து வருடமாகக் காதுக்குப் பழகிய பதில். அப்பா முற்றத்தில், கழற்றிய மணிக்கூட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்தார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

"பஸ்ரியண்ணை? கேக்கேல்லையோ?"

பிரியதர்சினி போனின் பொத்தானை அமத்தினாள். வெளிச்சம் வந்தது.

"அஞ்சு நாப்பது, அன்னப்பிள்ளையக்கா," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் துறைப் பக்கம் நடந்தாள்.